ஏ வடிவக் கூடாரம் பத்து வருடம் தாங்க வேண்டுமா: தோட்டப் பட்டணத்துப் புதியவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் பள்ளிச் சாரணர் இயக்கத்துக்கோ கோயில் இளைஞர் மன்றத்துக்கோ புதிதாகப் பொறுப்பேற்பவர் கையில் முதலில் வந்து சேர்வது ஸ்டோர் சாவிதான். உள்ளே நாலைந்து கூடாரம் சுருட்டியபடி கிடக்கும். ஒன்றை இழுத்துப் போட்டதும் புளித்த வாடை வரும், துணியில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். முகாமில் காற்றடித்துக் கிழிந்த கூடாரம் குறைவு. முகாம் முடிந்து ஈரத்தோடு சுருட்டி வைத்ததால் மக்கிப்போனதுதான் அதிகம். எனவே இந்தக் கட்டுரையில் கூடாரம் அடிப்பதைவிட, அடித்த பிறகு செய்ய வேண்டியவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

ஏ வடிவக் கூடாரத்தின் அமைப்பு எளிது. இரண்டு பக்கமும் நிலைக்கம்பு, மேலே முகட்டுக்கம்பு, இரு புறமும் சரிந்து இறங்கும் துணி, இழுத்துப் பிடிக்கும் கயிறுகள், தரையில் முளைகள். வளைகம்பி போட்ட குவிமாடக் கூடாரத்தில் ஒரு கம்பி உடைந்தால் அதே அளவு கம்பியைத் தேடி அலைய வேண்டும். இதில் கம்பு போனால் மூங்கில் வெட்டிக்கொள்ளலாம், கயிறு போனால் ஹார்ட்வேர் கடையில் வாங்கிக்கொள்ளலாம், முளை போனால் செதுக்கிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது துணி ஒன்றுதான். கூடாரத்தின் ஆயுளும் அந்தத் துணியின் ஆயுள்தான்.

உங்களிடம் இருப்பது என்ன துணி

கவனிப்பு முறை துணிக்குத் துணி மாறும், ஆகவே முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி, வெளியே கொண்டுபோய் நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் அது பருத்திக் கேன்வாஸ். உருகிச் சுருங்கிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான். கொஞ்சம் எரிந்து கொஞ்சம் உருகினால் இரண்டும் கலந்த துணி. பழைய சாரணர் கூடாரங்களில் பெரும்பாலும் கேன்வாஸையோ கலப்புத் துணியையோதான் பார்க்கலாம். பேரங்காடியில் விற்கும் இலேசான ஏ வடிவக் கூடாரங்கள் பாலியெஸ்டர், உள்பக்கம் பியூ என்கிற பாலியூரித்தேன் பூச்சு.

கேன்வாஸ் ஈரத்தில் பூசணம் பிடித்துச் சாகும். கலப்புத் துணிக்கும் அதே நோய்தான், கொஞ்சம் மெதுவாக வரும். பியூ பூசிய பாலியெஸ்டர் துணிக்குப் பூசணம் அவ்வளவு சீக்கிரம் கேடு செய்யாது, ஆனால் வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து பூச்சையே சிதைத்துவிடும். நைலானுக்கு வெயில் ஆகாது, பாலியெஸ்டரைவிட விரைவில் பலம் இழக்கும். நனைந்தால் தொய்ந்தும் போகும். புதிதாக வாங்கும் நிலையில் இருந்தால், சதுர மீட்டருக்கு 300 முதல் 350 கிராம் எடையுள்ள பருத்தி அல்லது கலப்புக் கேன்வாஸையே கேளுங்கள். தூக்குவதற்குப் பாரம்தான். லோரியிலும் வேனிலும் ஏற்றிப் போகிற முகாமுக்கு அந்தப் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை.

வாங்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது முகடு. இரு பக்கத் துணியும் சேரும் அந்தத் தையலின் மேல் இன்னொரு பட்டைத் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, கயிறு கட்டும் கண்வளையங்கள். கடையில் ஐலெட் என்று சொல்வார்கள். அவை பித்தளையாக இருக்கட்டும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. இரும்பு துருப்பிடிக்கும், துரு படிந்த இடத்தில் பருத்தி இற்றுப்போகும், கடைசியில் வளையம் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். மூன்றாவது, நிலைக்கம்பின் உச்சி முனை துணியைத் துளைத்து வெளியே வரும் இடம். அங்கே தோலோ நாலு மடிப்புத் துணியோ இல்லையென்றால் நீங்களே வைத்துத் தைக்க வேண்டிவரும்.

புதுக் கேன்வாஸுக்கு முதல் குளியல்

புதுக் கேன்வாஸ் கூடாரத்தை நேரே முகாமுக்குக் கொண்டுபோனால் முதல் மழையில் தையல் வழியே சொட்டும். தைத்த ஊசித் துளைகள் அப்போது இன்னும் திறந்திருக்கும், அதனால் வருவது அது. பருத்தி நூல் நனைந்தால் பருக்கும், காய்ந்தால் மெலியும். இரண்டு மூன்று முறை இப்படி நனைந்து காய்ந்தபின் இழைகள் நெருங்கித் துளைகளை அடைத்துவிடும்.

எனவே பள்ளித் திடலில் ஒரு சனிக்கிழமை காலை கூடாரத்தை அடித்து, கயிறுகளைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, குழாய்நீரைத் துணி முழுக்கத் தையலோரமாகப் பாய்ச்சுங்கள். முழுதாகக் காயட்டும். பிறகு மறுபடி நனையுங்கள். மூன்று முறை போதும். மூன்றாவது முறை உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள், எங்கேயாவது இன்னும் கசிந்தால் சாக்பீஸால் குறித்து, காய்ந்தபின் அந்தத் தையலில் தேன்மெழுகைத் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி உருக்கிவிடுங்கள். பாலியெஸ்டர் கூடாரத்துக்கு இந்தக் குளியல் பயன் தராது. அதற்குத் தையல் மேல் ஒட்டிய டேப்பும், அது விட்டுப்போனால் தையல் அடைக்கும் பசையும்தான். பியூ பூச்சுக்கு பியூ பசை, சிலிக்கோன் பூச்சுக்கு சிலிக்கோன் பசை. மாற்றிப் பூசினால் காய்ந்து உரிந்து வந்துவிடும்.

இடம் பார்ப்பது

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் நிழல் இருக்கிறதே என்று கூடாரம் அடிக்க ஆசை வரும். வேண்டாம். மட்டை விழும், மட்டையடி முள் தரைவிரிப்பைத் துளைக்கும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். பால்மரம் என்கிற ரப்பர் மரத்தடி அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பால்மரக் கிளை காற்றில் சட்டென்று முறியும். பால் சொட்டிய கறையும் துணியில் காய்ந்தால் போகாது. காட்டின் ஓரத்தில், பிற்பகல் நிழல் விழும் திறந்த திடலே நல்லது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நடுப்பகல் வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் துணி முகட்டிலிருந்து வெளுத்து நைந்துவரும். முகாம் முடிந்தும் "அப்புறம் கழட்டலாம்" என்று ஒரு வாரம் திடலில் நிற்கவிடுவது பல முகாம்களின் தேய்மானத்துக்குச் சமம்.

மேற்குக் கரையில் இருப்பவர்கள் கூடாரத்தின் குறுகிய முகப்பை மேற்கே காட்டி அடியுங்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் விடியலுக்கு முன்னே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து திடீரென்று அடித்துவிட்டுப் போகும் சுமத்ரா காற்று அகலமான சரிவின் மேல் மோதினால், முகட்டுக்கம்பையே பக்கவாட்டில் தள்ளும்.

தரை கொஞ்சம் மேடாக இருக்கட்டும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். பள்ளித் திடலில் வெட்டினால் தலைமையாசிரியரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடிக்கும் வரிசை

தரைவிரிப்பை விரியுங்கள், அதன்மேல் கூடாரத்தைப் பரப்புங்கள். வாசலை சிப்பையோ கட்டுக்கயிற்றையோ போட்டு முழுதாக மூடிவிடுங்கள். புதியவர்கள் தவறவிடும் படி இதுதான். வாசல் திறந்திருக்க நான்கு மூலையையும் முளையடித்தால் அகலம் கூடிவிடும், பிறகு இழுத்து மூடும்போது சிப் பல் விட்டுப்போகும். மூடியபின் நான்கு மூலை முளைகள். பிறகு முகட்டுக்கம்பைச் செலுத்தி, இரு முனையிலும் நிலைக்கம்பின் ஊசிமுனையைத் துளையில் பொருத்தி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் தூக்குங்கள். ஒருவர் முந்தினால் கம்பு துணியைக் குத்தும். முன்னும் பின்னும் உள்ள பெரிய கயிறுகளை முதலில் கட்டுங்கள், பிறகு மூலைக் கயிறுகள், கடைசியாகப் பக்கக் கயிறுகள்.

நிலைக்கம்பின் உயரம் 1.8 மீட்டர் என்றால் பெரிய கயிற்றின் முளை கம்படியிலிருந்து குறைந்தது 1.8 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடமிருந்தால் 2.5 மீட்டர் வரை போகலாம். அதற்குக் கிட்டே அடித்தால் கயிறு முன்னோக்கி இழுப்பதை விட்டுக் கீழ்நோக்கி அழுத்தும், அந்த அழுத்தம் முழுக்க கம்பின் ஊசிமுனையிலும் அது நுழையும் கண்வளையத்திலும் போய் விழும். முளையின் தலை கூடாரத்தை விட்டு விலகிச் சாய்ந்திருக்க, கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணமாக நிற்கட்டும். பக்கக் கயிறு ஒவ்வொன்றும் அது கட்டியிருக்கும் தையலின் நேர்க்கோட்டிலேயே போக வேண்டும். கோணலாக இழுத்தால் துணியில் மூலைவிட்டமாக ஒரு சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தின் தலைப்பில்தான் கிழிசல் தொடங்கும்.

நம் செம்மண் காய்ந்தால் 23 சென்டிமீட்டர் எஃகு முளையே பிடித்துக்கொள்ளும். மழை பெய்து வழுவழுப்பானால் அதே முளை கையோடு வந்துவிடும். கரி மண்ணிலும் களிமண்ணிலும் 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அகலமான மரமுளையோ மூங்கில் முளையோ தேவைப்படும். அடிக்க கொட்டாப்புளி போதும். இரும்புச் சுத்தியால் அடித்தால் மரமுளையின் தலை பிளந்துவிடும். சதுப்புப் பக்கம் நிலைக்கம்பின் அடியில் 15 சென்டிமீட்டர் சதுரப் பலகைத் துண்டு ஒன்று வையுங்கள். கம்பு மண்ணில் இறங்கினால் முகடு தாழும், துணி தொய்யும், தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். நீர் தேங்கிய துணி கசியத் தொடங்கி, பாரத்தில் கண்வளையங்களையும் இழுக்கும். 1.8 மீட்டர் உயரமும் 2.4 மீட்டர் அகலமும் உள்ள கூடாரத்தின் சரிவு ஏறக்குறைய 56 டிகிரி, அந்தச் செங்குத்தில் மழை நிற்காமல் வழிந்துவிடும். ஏ வடிவம் நீடிப்பதற்கு இந்தச் சரிவே பாதிக் காரணம், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தரைவிரிப்பின் ஓரம் கூடாரச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வழியும் மழையை ஏந்தி உள்ளே கொண்டுவந்துவிடும். மேல்விரிப்பு இருந்தால் அதற்கும் உள்துணிக்கும் இடையே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

மழை ராத்திரி

இருட்டும் முன்னே எல்லாக் கயிற்றையும் ஒரு பிடி தளர்த்துங்கள். சணல், பருத்தி, மணிலா போன்ற நார்க் கயிறுகள் நனைந்தால் சுருங்கும். கேன்வாஸும் சுருங்கும். இரண்டும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில் முளை பிடுங்கிக்கொள்ளும், பிடுங்காவிட்டால் கண்வளையம் பிய்யும். மறுநாள் காய்ந்ததும் திரும்ப இறுக்க வேண்டும். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு, நனைந்தால் நீளும். ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடியாக உதிரும், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் கயிறுதான் நமக்கு ஏற்றது.

நனைந்த கேன்வாஸை உள்ளேயிருந்து தொட்டால் அந்த இடத்தில் நீர் சொட்டத் தொடங்கும். பிள்ளைகளிடம் ஒரு முறை சொன்னால் போதாது. பைகளையும் சுவரில் சாய்க்கக் கூடாது. தொட்டுவிட்டார்கள் என்றால் அந்தப் புள்ளியிலிருந்து விரலைக் கீழ்நோக்கி ஓரம் வரை இழுத்துவிடுங்கள், நீர் அந்தக் கோட்டிலேயே வழிந்து போகும்.

காலையில் உள்பக்கம் நனைந்திருப்பது எல்லாம் ஒழுகல் ஆகாது. ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் ராத்திரியில் கால் லிட்டருக்கு மேல் ஈரம் விடுகிறார். ஆறு பேர் படுத்தால் அது எங்கே போகும்? இரண்டு முகப்பின் மேல்பகுதியையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

பிரித்துக் காயவைப்பது

கூடாரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது முகாமின் கடைசி நாளும் அதற்கடுத்த நாளும்தான். நம் ஊரில் காற்றே பெரும்பாலும் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது, பூசணத்துக்கு 70 சதவீதமே போதும். மழையில் நனைந்த கேன்வாஸைச் சுருட்டிக் கட்டி வைத்தால் இரண்டே நாளில் வாடை வந்துவிடும்.

கடைசி நாள் காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கூடாரத்தை நின்றபடியே திறந்துவிடுங்கள். நண்பகல் வெயில் கிடைக்கும்வரை பிரிக்காதீர்கள். தட்டையான துணி அரை மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். ஏமாந்து போகாதீர்கள். கடைசியில் காய்வது முகட்டுத் தையல், கண்வளையத்தைச் சுற்றியுள்ள மடிப்பு, கீழோரத்துச் சேற்றுப் பட்டை, கயிறு துணியில் சேரும் முடிச்சு ஆகிய நான்கு இடங்களே. அங்கே விரலால் பார்த்தால் தெரியாது. மடிப்பைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள், குளிர்ச்சி பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சேறு ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழைக்குள் போய்விடும். காயவிட்டுத் தென்னந்துடைப்பத்தின் மெல்லிய முனையாலோ மிருதுவான தூரிகையாலோ தட்டிவிடுங்கள். போகாத கறைக்கு வெறும் நீர். சலவைத்தூள் வேண்டாம், அது நீர் புகாமல் காக்கும் பூச்சைக் கரைத்துவிடும், இழையில் தங்கி மழைநீரை உள்ளே இழுக்கும்.

மழை விடவே இல்லை, லோரி வந்து நிற்கிறது என்றால் ஈரத்தோடேயே சுருட்டுங்கள், ஆனால் இறுக்கிக் கட்டாதீர்கள். கம்பும் முளையும் தனிப்பையில் போகட்டும். சேற்று முளையைத் துணிக்குள் சுருட்டுவதால் வரும் துருக்கறையும் துளையும் பிறகு போகாது. பட்டணம் வந்த அன்றே கூடாரத்தைப் பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ அனுமதி கேட்டுக் கயிறு கட்டி, முகட்டுத் தையல் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். நிலத்தில் விரித்தால் கீழ்ப்பக்கம் காயாது. மின்விசிறி இருந்தால் போட்டுவிடுங்கள். மறுநாள் திருப்பிப் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் இதை முடிக்க முடியாது என்று தோன்றினால் முகாமையே ஒரு நாள் முன்கூட்டி முடித்துவிடுவது கூடாரத்துக்கு நல்லது.

காய்ந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. கூடாரம் புதிதாக, நல்ல வெயிலில் சுக்காகக் காய்ந்திருக்கும் நாளில் கம்பும் முளையும் இல்லாமல் துணியை மட்டும் பயணப்பெட்டி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, அந்த எடையைப் பையின் மேல் அழியாத மையால் எழுதிவிடுங்கள். சதுர மீட்டருக்கு 350 கிராம் துணி 14 சதுர மீட்டர் என்றால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பருத்தி காற்றிலிருந்தே ஈரம் வாங்கும் என்பதால் இருநூறு முந்நூறு கிராம் கூடுவது இயல்பு. அரைக் கிலோ கூடினால் உள்ளே எங்கோ ஈரம் ஒளிந்திருக்கிறது, மறுபடி தொங்கவிடுங்கள். ஸ்டோர் பொறுப்பு கைமாறும்போதும் இந்த எண் கூடவே போகும், "காய்ஞ்சுட்டுது சார்" என்கிற பிள்ளையின் வாக்கை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

ஸ்டோர்

இனி சுருட்டுவது. ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடிக்காதீர்கள். மடித்த கோட்டில்தான் பூச்சு விரியும், இழை முறியும். பைக்குள் திணிக்காமல் தளர்வாகச் சுருட்டி, பருத்தித் துணிப்பையிலோ சுத்தமான கோணியிலோ வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். சிமெண்டுத் தரையில் நேரே வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும், கறையான் வந்தால் தெரியவும் தெரியாது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டரும் சுவரிலிருந்து ஒரு சாணும் விட்டு, இடைவெளி விட்ட பலகைத் தட்டில் அடுக்குங்கள். அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூசணத்தைத் தடுக்காது.

கூடவே எதை வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பள்ளி ஸ்டோர்களில் புல்வெட்டி இயந்திரமும் அதன் பெட்ரோல் டின்னும் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதை வழக்கமாகப் பார்க்கலாம். தோட்டத்து ஸ்டோர் என்றால் உர மூட்டையும் ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஆசிட்டும் இருக்கும். உரம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்த ஆசிட் பார்மிக் அமிலம், செறிவாக இருந்தால் நைலானையே கரைத்துவிடும். ரப்பர் சிறுதோட்டக்காரர்கள் கொட்டகையில் வாடகையில்லாமல் இடம் கொடுத்தாலும் நைலான் கூடாரத்தை அங்கே விடாதீர்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்தட்டும் வேண்டாம், அந்தச் சூட்டில் பியூ பூச்சு இரண்டு மூன்று வருடத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்கலாம். உள்பைகளில் பிஸ்கட் தூள் இருந்தால் எலி துணியோடு சேர்த்துக் கடிக்கும்.

மாதம் ஒரு முறை, மழை இல்லாத நாள் நண்பகலில், இரண்டு மணி நேரம் விரித்துப் போட்டுவிட்டு மறுபடி வேறு மடிப்பில் சுருட்டுங்கள். நீண்ட பள்ளி விடுமுறைக்கு முன்னே கட்டாயம். ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண் போட்டு, அதன் கம்புகளுக்கு அதே நிற டேப் சுற்றிவிடுங்கள். ஒன்றின் கம்பை இன்னொன்றில் வலிந்து செருகுவதால்தான் பெரும்பாலும் கம்பு வளைகிறது. இரும்புக் கம்பின் மூட்டுகளில் மணலைத் துடைத்து மெழுகுவர்த்தி தேய்த்து வைத்தால் அடுத்த முறை பிரிக்கச் சுத்தி தேவைப்படாது.

பூசணம் பிடித்துவிட்டால்

முதலில் துணி பிழைக்குமா என்று பாருங்கள். கறுப்புப் புள்ளி உள்ள இடத்தை இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள். காகிதம்போல் கிழிந்தால் அந்தப் பகுதி முடிந்தது, எந்த மருந்தும் அதை மீட்காது. தாங்கினால் வேலை பார்க்கலாம்.

முழுதாகக் காயவிட்டு, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு, வெளியில் வைத்துத் தூரிகையால் பூசணத்தை உதிருங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் தெளித்து, ஒரு மணி நேரம் விட்டு, நல்ல நீரில் அலசி, வெயிலில் முழுதாகக் காயவையுங்கள். வாடை போகும், வளர்ச்சி நிற்கும். கறை போகாது. கறையைப் போக்கப் பிளீச் ஊற்றினால் துணி வெளுக்கும், பருத்தி பலமும் இழக்கும், அடுத்த காற்றில் கிழியும். கறுப்புப் புள்ளி அழகுக்குக் குறைதானே தவிர வேறில்லை.

அலசியபின் நீர்தடுப்புப் பூச்சு மறுபடி அடிக்க வேண்டும். எவ்வளவு வாங்குவது? 2.4 மீட்டர் நீளமும் மேலே சொன்ன உயர அகலமும் உள்ள கூடாரத்தின் இரண்டு சரிவும் சேர்ந்து ஏறக்குறைய 10 சதுர மீட்டர், முன்பின் முகப்புகள் சேர்ந்து 4 சதுர மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. டின்னில் எழுதியிருக்கும் பரப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பணம் இல்லாத காலத்தில் செய்த பழைய முறை ஒன்று உண்டு: 9 லிட்டர் சுடுநீரில் அரைக் கிலோ கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்துத் துணியை ஊறவைத்துப் பிழிந்து காயவிட்டு, பிறகு 9 லிட்டர் நீரில் கால் கிலோ படிகாரம் கரைத்து அதில் ஊறவைப்பார்கள். இரண்டும் இழைக்குள் சேர்ந்து நீரில் கரையாத மெழுகு போன்ற பொருளாகப் படியும். வேலை செய்யும். ஆனால் படிகாரத்தின் அமிலத்தன்மை நாளாவட்டத்தில் பருத்தியை நலிவாக்கும் என்பதால் பழைய கூடாரத்துக்கு மட்டும் இதைச் சொல்லலாம், புதியதற்குக் கூடாது.

பியூ பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாந்தி வாடை வந்துவிட்டால் அது நீர் மூலக்கூறுகள் பூச்சின் பிணைப்பை உடைத்த நிலை. திரும்பாது. சுரண்டி எடுத்து மறுபூச்சு அடிக்கலாம்தான், உழைப்புக்கேற்ற பலன் இல்லை. வெயில் மறைப்பாகப் பயன்படுத்துங்கள்.

கிழிசலும் கண்வளையமும்

சின்னக் கிழிசலை அன்றே தைத்தால் கைத்தையல் போதும். ஒட்டுத்துணி கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 4 சென்டிமீட்டர் அதிகமாக இருக்கட்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலை உரிந்து வரும். ஒட்டுத்துணியும் கூடாரமும் ஒரே வகைத் துணியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் ஒட்டு கேன்வாஸ் சுருங்கும்போது கூடச் சுருங்காமல் சுற்றிலும் இழுத்து வேறு கிழிசல் உண்டாக்கும். நூல் பருத்தி உறையிட்ட பாலியெஸ்டர், தேன்மெழுகில் இழுத்தது. கோணி ஊசி வேண்டாம், அதன் துளை பெரிது. தையல் இயந்திரமானால் 18ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைக்காதீர்கள், தபால்தலை விளிம்புபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். பெரிய வேலை என்றால் லோரிக்கும் கடை முகப்புக்கும் கேன்வாஸ் தைக்கும் கடைகளில் கொடுங்கள். கனத் துணி தைக்கும் இயந்திரமும் ஐலெட் அடிக்கும் அச்சும் அவர்களிடம் இருக்கும். ஆனால் அங்கே கையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தார்ப்பாய்த் துண்டை ஒட்டாக வைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முகாமில் கண்வளையம் பிய்ந்துவிட்டால் ஒரு பால்மரக் கொட்டையைத் தேடுங்கள். வழுவழுப்பான, இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள முழுக் கொட்டை. அதைத் துணியின் உள்பக்கம், பிய்ந்த இடத்துக்கு ஒரு சாண் உள்ளே வைத்து, வெளிப்பக்கமிருந்து துணியோடு சேர்த்துக் கழுத்தை இறுக்கக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றையே முளைக்கு இழுங்கள். துளையே இல்லாததால் கிழிவதற்கு இடமில்லை. ஊர் திரும்பியதும் 8 சென்டிமீட்டர் சதுரத்தில் இரட்டைக் கேன்வாஸ் தைத்து, அதன் நடுவே புதுப் பித்தளை வளையம் அடியுங்கள்.

முகட்டுத் தையல் இற்று, இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிழியும் நிலைக்கு வந்தால் அந்தக் கூடாரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். தூக்கி எறியாதீர்கள். முகடு வெயிலில் போயிருக்கும், கீழோரம் பூசணத்தில் போயிருக்கும், நடுச்சரிவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இழுத்துச் சோதித்து, தாங்கும் துண்டுகளை வெட்டி, பித்தளை வளையங்களையும் நல்ல கயிறுகளையும் சேர்த்துக் கட்டி, எந்தக் கூடாரத்தின் துணி என்று எண் எழுதி ஒட்டுத்துணிக்காகத் தட்டில் வையுங்கள். பழகிச் சுருங்கி முடித்த கேன்வாஸ் அது. மற்றக் கூடாரங்களுக்குக் கடையில் வாங்கும் புதுத்துணியைவிட நன்றாகப் பொருந்தும்.